ஹைடெல்பெர்க்: ஏப்ரலா, டிசம்பரா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். ஹைடெல்பெர்க் நகருக்கு எப்போது போகலாம், ஏப்ரலிலா டிசம்பரிலா? கணவருக்கு முழங்கால் வலி உண்டு.
- ஒரு வாசகி

பதில்: ஏப்ரல்தான், யோசிக்கவே வேண்டாம் அம்மா. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை ஜொலிக்கும், சரி. நாலரை மணிக்கே இருட்டிவிடுமே! கோட்டைக்கு மலை ரயில் இருக்கிறது, சாருக்குச் சிரமமில்லை. 1693-இல் பிரெஞ்சுப் படை வெடிவைத்த கோபுரத்தைத் தேடிப் பாருங்கள்: பாதிச் சுவர் அப்படியே பெயர்ந்து, முழுசாகச் சாய்ந்து கிடக்கிறது. நிலவறையில் 1751-இல் செய்த மதுப் பீப்பாய். கொள்ளளவு சுமார் 2,20,000 லிட்டர். (குடிமகன்கள் பெருமூச்சு விடுவார்கள், இப்போது காலி!) நெக்கார் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள 'தத்துவஞானிகள் பாதை'க்குப் பழைய பாலத்தருகிலிருந்து ஏறும் படிகள் ரொம்பச் செங்குத்து. அங்கே நீங்களும் மகளும் மட்டும் போங்கள். சார் பாலத்திலேயே நின்று கோட்டையை ரசிக்கட்டும்.