நடு ராத்திரியில் எழுதியதை ஊரே படித்துவிட்டது

கேள்வி: என் பெண் குழந்தைக்கு ஒன்பது வாரம். சிசேரியன். 40 நாள் கழிந்து, கருங்கல் பக்கம் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை பிள்ளை அழுகிறாள். பால் காணாது என்கிறார் மாமி. கர்ப்பமானதிலிருந்தே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். 'எனக்கும் இப்படித்தான்' என்று யாராவது சொல்வார்கள், அது ஆறுதல். போன வாரம் நடு ராத்திரியில், 'இவளத் தூக்கவே பிடிக்கல, எங்கயாவது போயிரலாம் போல இருக்கு' என்று அவள் படத்தோடு போட்டேன். யாரோ பகிர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாலு பேர் மாமியிடம் விசாரித்திருக்கிறார்கள். 'மானத்தக் கப்பலேத்திட்டியே மக்களே' என்று அழுகிறார். எல்லாவற்றையும் அழி என்கிறார் கணவர். எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. நான் கெட்ட தாயா?

— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: இல்லை. ஆனால் ஃபேஸ்புக் விஷயம் கொஞ்சம் காத்திருக்கட்டும். 'எங்கயாவது போயிரலாம்' என்பதை முதலில் பார்ப்போம்.

பேறு முடிந்த மூன்றாம், நாலாம் நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஒன்பதாவது வாரத்திலும் மனம் இப்படிக் கிடந்தால், பேறுகால மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கு 'எடின்பரோ அளவுகோல்' என்று பத்துக் கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண்ணில் 13-ஓ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஆம்' என்றால் மதிப்பெண் எதுவானாலும் அன்றே உதவிக்கு ஆள் வேண்டும். இன்று 14416-க்குப் பேசுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கமே வரவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வருகிறது என்றால் தனியாக இருக்காமல் உடனே அங்கே போங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதேபோல ஆளை முடக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் உண்டு, அந்தப் பயம் வேண்டாம்.

சாயங்கால அழுகை பெரும்பாலும் பாலால் வருவதில்லை. ஆறு, எட்டு வாரத்தில் அது உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் குறையும். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். 10-வது வார ஊசிக்குப் போகும்போது நர்ஸ் எடை பார்த்துச் சொல்வதை மாமியும் கூட நின்று கேட்கட்டும், நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

உங்களுக்கு இப்போது அறிவுரையைவிடத் தூக்கம் அவசரம். சாயங்காலமே பால் பீய்ச்சிப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, பிள்ளையை மாமி கையில் கொடுத்து வேறு அறையில் படுங்கள். அடுத்த வேளைக்கு அந்தப் பாலை வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கி (அடுப்பில் நேராக வைக்கக் கூடாது) பாலாடையில் கொடுக்கலாம். மிஞ்சியதைத் திரும்பச் சூடாக்க வேண்டாம். இடையில் எழாமல் நாலு மணி நேரம் தூங்குவதுதான் கணக்கு, அரைமணி அரைமணியாகச் சேர்த்தால் அந்தப் பலன் கிடைக்காது.

இனி எழுத்து. நிறுத்த வேண்டாம். இராத்திரி வருவதை நோட்டில் எழுதுங்கள், போனில் வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பகலில் படித்து, எதைப் போடலாம் என்று முடிவு செய்யுங்கள். 'தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது, குனிய முடியவில்லை' என்பது உங்கள் கதை, தாராளமாகப் போடலாம். 'இவளைத் தூக்கப் பிடிக்கவில்லை' என்பதை அவளே பதினாலு வயதில் படிப்பாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு வேண்டியது லைக் அல்ல, சிகிச்சை.

அவளுடைய முழுப்பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை, வீட்டு வாசல், குளிக்கும் படம் எதுவும் வேண்டாம். திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைக்கிற வீட்டில், இந்தக் கவனம் போனிலும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. ஃபேஸ்புக் அமைப்புகளில், பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே தடவையில் 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்றும் வசதி இருக்கிறது. பிறகு அந்தப் பதிவை மட்டும் நீக்குங்கள். பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் அது தெரியாமல் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களை ஒன்றும் செய்ய முடியாது, அதைத் தேடி அலையாதீர்கள்.

கணவரிடம், 'இனி அவள் படம் நம் இருவர் சம்மதமில்லாமல் வராது, என் எழுத்து என்னோடது' என்று சொல்லுங்கள். பதிலுக்கு அவரிடம் ஒன்று கேளுங்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் நம்மூர் எட்டு மணி, மஸ்கட்டில் ஆறரை. அவர் அந்த நேரத்தில் வீடியோவில் வந்து, போன் மாமி கையில் இருக்க, பிள்ளை அழுவதைக் கடைசி வரை பார்க்கட்டும்.