குளியலறையிலும் பூந்தொட்டியிலும் துள்ளும் குட்டிப் பூச்சிகளை எப்படி ஒழிப்பது?

குளியலறைத் தரையிலும் தொட்டி மண்ணிலும் 1–2 மி.மீ. அளவில், சாம்பல் நிறத்தில், தொட்டால் துள்ளுபவை பெரும்பாலும் ஸ்பிரிங்டெயில்கள். தெள்ளுப்பூச்சி என்று பயப்பட வேண்டாம். தெள்ளு கடிக்கும், உடல் கெட்டியாக இருக்கும். இது கடிக்காது, விரலால் தேய்த்தாலே நசுங்கிவிடும். வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் வால் போன்ற உறுப்பைத் தரையில் அடித்துத்தான் எம்புகிறது.

இவை தின்பது பூஞ்சையும் மட்கிய பொருளும். தோல் வழியே ஈரம் சீக்கிரம் போய்விடுவதால் காய்ந்த இடத்தில் பிழைக்காது. ஆகவே மருந்தடிப்பது வீண்வேலை: இருப்பவை சாகும், ஈரம் இருக்கும்வரை புதியவை வந்துகொண்டே இருக்கும்.

முதலில் ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள். தொட்டியில் சந்தேகமா? நிறையத் தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்து வரும். மேல்மண் 2–3 செ.மீ. காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். வடிகாலில் சந்தேகமா? இரவில் துளையின்மேல் ஒட்டுநாடாவை, காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டு, பசைப்பக்கம் கீழிருக்க ஒட்டுங்கள். காலையில் பூச்சி ஒட்டியிருந்தால் உள்ளிருக்கும் வழவழப்பைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டும் இல்லையென்றால் சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

வீட்டினுள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். வெளியே, சுவரை ஒட்டிய சருகையும் மூடாக்கையும் (மண்ணை மூடப் பரப்பும் இலை, வைக்கோல் போன்றவை) ஓரடி தள்ளிப் போடுங்கள். உள்ளே வந்தவற்றுக்கு வேக்குவம் கிளீனர் போதும். தோட்டத்து மண்ணில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள், மட்க வைக்கும் வேலையைச் செய்பவை அவை.