வாசகர் கேள்வி-பதில்: எரிஞ்ச அரங்கமும் டிரங்குப் பெட்டியும்

போன இதழ்ல ஜேக்கப்ஸ் பில்லோ பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். அமெரிக்கால ஒரு மலைக்கிராமத்துல இருக்கற டான்ஸ் இடம், அங்க ஒரு அரங்கம் 2020ல எரிஞ்சு சாம்பலாச்சு, 2025ல திரும்பக் கட்டித் திறந்துட்டாங்கன்னு. அவ்ளோதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு சத்தியமா நினைக்கல. அதனால இந்த வாரம் சமையல் கேள்வி, கால் வெடிப்புக் கேள்வி எல்லாம் வெயிட்டிங்ல, கோச்சுக்காதீங்க.

கேள்வி: எரிஞ்சுதுன்னு மட்டும் எழுதிட்டு விட்டுட்டீங்களே அக்கா, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா? முழுசா எரிஞ்சுதா? (வாசகி, தஞ்சாவூர்)

யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. 2020 நவம்பர் 17, விடியக்காலைல நடந்தது. குளிர் ஆரம்பிச்சாச்சு, விழா சீசனும் இல்ல, உள்ள ஆள் இல்ல. இன்னொண்ணு, அந்த வருஷம் கொரோனாவால கோடை விழாவையே ரத்து பண்ணியிருந்தாங்க, அவங்க சரித்திரத்துலயே மொத தடவையா. ஏற்கனவே மேடை காலியா கெடந்த வருஷத்துல மேடையும் போச்சு, பட்ட கால்லயே படும்னு நம்ம பாட்டிங்க சொல்ற மாதிரி.

எரிஞ்சது டோரிஸ் டியூக் தியேட்டர்னு 1990ல கட்டின சின்ன அரங்கம். அது முழுசா போயிடுச்சு. ஆனா வளாகம் பெருசு, காட்டுக்குள்ள அங்கங்க தள்ளித் தள்ளிக் கட்டடம் இருக்கு, அதனால பக்கத்துக் கட்டடங்களுக்குப் பரவாம நிறுத்திட்டாங்க. இந்த "தள்ளித் தள்ளி" சமாச்சாரத்த ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி கேள்விக்கு வேணும்.

கேள்வி: பரதம் ஆடற பாலசரஸ்வதி அம்மா அங்க போய் ஆடியிருக்காங்கன்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க. அவங்க ஆடின மேடையா எரிஞ்சுபோச்சு? (மயிலாப்பூர்ல இருந்து ஒரு மாணவி)

உன் கடிதத்தப் படிச்சப்ப எனக்கும் ஒரு நிமிஷம் திக்குன்னு ஆச்சு, அப்புறம் வருஷக் கணக்கு போட்டுப் பாத்தா மூச்சு வந்துச்சு. பாலா அங்க ஆடினது 1962ல. எரிஞ்ச அரங்கம் வந்ததே 1990ல. அவங்க காலத்துல இருந்த அரங்கம் டெட் ஷான் தியேட்டர், 1942ல கட்டினது, அமெரிக்கால டான்ஸுக்குன்னே கட்டின மொத அரங்கம் அதுதான்னு சொல்லுவாங்க. வெளிய பாத்தா பண்ணையில வைக்கோல் போட்டு வைக்கற களஞ்சியம் மாதிரி இருக்கும், மேடைக்குப் பின்னால பெரிய கதவு, அதத் தொறந்தா காடு தெரியும். அது பத்திரமா நிக்குது.

இந்த டெட் ஷான் ஆசாமிதான் பில்லோவ ஆரம்பிச்ச டான்ஸர், நம்ம பக்கம் வந்து போனவர்தான். 1926ல மனைவி ரூத் செயின்ட் டெனிஸோட குழுவா இந்தியா முழுக்கச் சுத்தினாங்க, அப்பவே சிவன் தாண்டவம்னு அவரே ஒண்ணு கட்டி ஆடினாரு. அதுல நம்ம சம்பிரதாயம் எவ்ளோ, அவர் கற்பனை எவ்ளோன்னு கேட்டா சண்டை வரும், நான் வரல. ஆனா அதே மனுஷன் 36 வருஷம் கழிச்சு வீணை தனம்மாள் பேத்தி பாலாவ தன் இடத்துக்கு வரவழச்சாரு பாரு, அதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சுடலாம்னு எனக்குத் தோணும்.

கேள்வி: பில்லோன்னா தலகாணி தானே? இதென்ன பேரு? (சேலம்)

தலகாணியேதான். அந்த மலைப்பாதை ஏணி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறும், அதனால யாக்கோபு ஏணின்னு பேர் வச்சிருந்தாங்க. பைபிள்ல யாக்கோபு கல்லத் தலைக்கு வச்சுத் தூங்கினப்பதானே அந்த ஏணிய கனவுல பாத்தாரு. அந்த இடம் முன்ன பண்ணையா இருந்துச்சு, அங்க தலகாணி மாதிரி ஒரு பாறை கெடந்துச்சு. ஏணி இருக்கு, தலகாணியும் இருக்கு, பேர் வந்துடுச்சு.

கேள்வி: படத்துல பாத்தேன், புதுக் கட்டடத்துக்கும் வெளிய முழுக்க மரம்! ஒரு தடவ எரிஞ்சும் புத்தி வரலயா அவங்களுக்கு? (சிவில் எஞ்சினியரிங் மாணவர், கோயம்புத்தூர்)

தம்பி, நீங்களே சிவில் படிச்சுட்டு இத என்கிட்ட கேக்கறீங்களே! சரி, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், தப்பு இருந்தா உங்க வாத்தியார்கிட்ட கேட்டு எழுதுங்க.

வெளிய போர்த்தியிருக்கறது வெப்பத்துல பதப்படுத்தின பைன் மரம், கிட்டத்தட்ட 200 டிகிரில சூளை மாதிரி வச்சு எடுப்பாங்க. அது நெருப்புக்காகப் பண்றது இல்ல, மழையிலயும் பனியிலயும் உளுத்துப் போகாம, முறுக்கிக்காம இருக்கறதுக்கு. நாளாக நாளாக வெளுத்து சாம்பல் நிறத்துக்கு வரும், காட்டு மரங்களோட மரமா கலந்துடும். அப்ப நெருப்புக்கு என்ன பண்றதுன்னா, அலாரமும் தானா தண்ணி பீச்சற ஸ்ப்ரிங்க்ளரும்தான் மொதல்ல, அது எந்தக் கட்டடமா இருந்தாலும் அப்படித்தான்.

ஆனா மரம்னாலே எரிஞ்சுடும்னு சொல்றதுல ஒரு சின்ன திருத்தம். விறகு அடுப்பு எரிச்சவங்களுக்குத் தெரியும், சுள்ளி படபடன்னு எரிஞ்சு முடிஞ்சுடும், பெரிய கட்டைய வச்சா மேல கரியாகி நிக்கும், பொளந்து பாத்தா உள்ள நல்லாவே இருக்கும். தடிமனான உத்தரம் அப்படித்தான், நிமிஷத்துக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியாகும், அரை மணி நேரம் எரிஞ்சாலும் ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம், அந்தக் கரியே உள்ள இருக்கற மரத்துக்குக் கவசம். எவ்ளோ கரியாகும்னு கணக்கு போட்டு அந்த அளவு தடிமனக் கூட்டியே வைப்பாங்க. இரும்பு எரியாது, ஒத்துக்கறேன், ஆனா 550 டிகிரி வாக்குல பலம் பாதியா கொறஞ்சு வளைய ஆரம்பிச்சுடும், ஒரு சாதாரண தீ விபத்துலயே சூடு அதத் தாண்டும். எல்லாம் சொல்லிட்டேன், ஆனா நம்ம ஊர் சபாக்கள்ல ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஒயர் தொங்கறதப் பாக்கறப்ப, மரமா இரும்பான்னு பேசறதே வீண்னு இருக்கு.

கேள்வி: ஒரு கட்டடம் கட்ட அஞ்சு வருஷமா? பணம் இல்லயா? (திருச்சி)

பணமும்தான், மூணு கோடி டாலர் ஆச்சு. டோரிஸ் டியூக் பேர்ல இருக்கற அறக்கட்டளையே அதுல ஒரு கோடி குடுத்தாங்க. ஆனா நேரம் போனதுக்கு வேற காரணமும் இருக்குன்னு நான் நினைக்கறேன், அதுதான் எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது. பழைய பிளானத் தூசி தட்டி எடுத்து அதே மாதிரி கட்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். இவங்க அப்படிப் பண்ணல. நெதர்லாந்து மெக்கானோ கம்பெனிய டிசைனுக்குக் கூப்டாங்க, அந்த மண்ணோட பூர்வகுடிங்க மொஹிக்கன் மக்கள்ன்றதால ஜெஃப்ரி கிப்சன்னு ஒரு பூர்வகுடி ஓவியர ஆலோசனைக்கு வச்சாங்க, கட்டடத்தச் சுத்தி அந்த மக்களோட மூலிகைச் செடிங்கள நட்டாங்க. 220 பேர் உக்காரவும் செய்யலாம், 400 பேர் உக்காரவும் செய்யலாம், நாற்காலியும் மேடையும் மாத்தி மாத்திப் போடற மாதிரி சுமார் 20,000 சதுர அடி. 2025 ஜூலை 9 திறப்பு. யோசிக்கறதுக்கு நேரம் எடுத்துக்கறத நம்ம ஆளுங்க தாமதம்னு திட்டுவாங்க, நானும் திட்டியிருக்கேன், எங்க வீடு கட்டறப்ப.

கேள்வி: அக்கா, மாடில ஷெட் போட்டு டான்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன். சிமென்ட் தரை மேல பிளைவுட் ஒட்டிட்டா போதும்னு கார்பென்டர் சொல்றாரு. போதுமா? (பரத ஆசிரியை, கும்பகோணம்)

போதாது, போதாது, கொஞ்சம் நிறுத்துங்க! நான் கத்துக்கிட்டது மொசைக் தரைல, பதினோரு வருஷம். இன்னிக்கு மாடிப்படி எறங்கறப்ப முட்டி பேசுது. தட்டடவாச்சும் பரவால்ல, குதிச்சு மெட்டடவு மூணு காலத்துல போட்டுப் பாருங்க, ஒவ்வொரு குதிக்கும் தரை வாங்காத அடிய உங்க குதிகாலும் முட்டியும் இடுப்பும் வாங்கும். பிளைவுட்ட நேரா சிமென்ட்ல ஒட்டினா அதுவும் சிமென்ட்தான், பார்வைக்கு மட்டும் மரம்.

வேண்டியது கீழ காத்து. சிமென்ட் மேல கெட்டி ரப்பர் துண்டு, அது மேல குறுக்கால மரச்சட்டம், சட்டம் மேல ரெண்டு அடுக்கு பிளைவுட், கீழ் அடுக்கு ஜாயின்ட் மேல மேல் அடுக்கு ஜாயின்ட் வராம மாத்திப் போடணும். ஓரத்துல சுவத்த ஒட்டாம ஒரு விரல் இடைவெளி விடுங்க, ஐப்பசி மழைல மரம் ஊதும், இடம் இல்லன்னா நடுவுல தூக்கிக்கும். அதுக்கு மேல வினைல் விரிக்கறது உங்க இஷ்டம், ஆனா வெறுங்கால்ல வேர்வையோட ஆடறப்ப சில வினைல் கால இழுத்துப் புடிக்கும், திரும்பறப்ப முட்டி மட்டும் திரும்பும் பாதம் திரும்பாது, அது ரொம்ப மோசம். மொதல்ல ஒரு துண்டு வாங்கிப் போட்டு ஆடிப் பாருங்க. தரைக்குக் கீழ வெற்றிடம் இருந்தா தட்டற சத்தமும் கும்முன்னு வரும், கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

கேள்வி: நாங்க தெருக்கூத்துக் குழு. தை மாசம் எங்க கீத்துக் கொட்டகை எரிஞ்சுபோச்சு. கிரீடம், புஜக்கட்ட, உடுப்பு, ஆர்மோனியம் எல்லாம் போச்சு. பங்குனில ரெண்டு ஊருக்குப் பாரதக்கூத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். அமெரிக்காவுல கோடி குடுக்கறாங்க, எங்களுக்கு யார் குடுப்பா? (திருவண்ணாமலை மாவட்டத்துல இருந்து ஒரு வாத்தியார்)

ஐயா, உங்க கடிதத்த நாலு தடவ படிச்சேன். கோடிக்கு எனக்கு வழி தெரியாது. தெரிஞ்சத சொல்றேன்.

சாம்பல இன்னும் அள்ளலன்னா அப்படியே போட்டோ எடுங்க, ஒவ்வொரு பொருளா எழுதுங்க, எத்தன கிரீடம், எத்தன ஜோடி புஜக்கட்ட, எந்த வருஷம் செஞ்சதுன்னு. தீயணைப்பு நிலையத்துல விபத்து அறிக்கை கேட்டு வாங்குங்க, விஏஓகிட்ட மனு குடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தா அந்த நம்பரயும் போடுங்க. கருவியும் ஆடை அணிகலனும் வாங்க கலைஞர்களுக்கு நிதியுதவித் திட்டம் இருக்கு, கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்துல விண்ணப்பம் கேளுங்க. பெரிய தொகை இருக்காது, ஆனா ஒரு ஆர்மோனியத்துக்கு ஆகலாம்.

பங்குனி ஆட்டத்த மட்டும் நிறுத்திடாதீங்க. அந்த பில்லோக்காரங்களும் 2021ல கட்டடம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல, விழா முழுக்க வெட்டவெளி மேடையிலயே நடத்தினாங்க. முழு விழாவும் அப்படி நடத்தறது அவங்களுக்குப் புதுசு, உங்களுக்கு வெட்டவெளிதான் மேடையே. கிரீடம், புஜக்கட்ட மாதிரி மரத்துல செஞ்ச கட்டைங்கள பக்கத்துக் குழுக்கிட்ட இரவல் கேளுங்க, துரியோதனன் கிரீடத்த ஒரு ராத்திரிக்குக் குடுக்க மாட்டேன்னு எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டாரு. நடுவுல கல்யாண முருங்கை மரத்த வெட்டிக் காய வச்சு புதுக் கட்டைங்கள ஒவ்வொண்ணா செதுக்க ஆரம்பிங்க.

திரும்பக் கொட்டகை போடறப்ப ஒரு விஷயம். பில்லோல அரங்கம் எரிஞ்சப்ப பழைய படம், கடிதம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் தப்பிச்சுது, ஏன்னா ஆவணக்காப்பகம் தனியா வேற கட்டடத்துல இருக்கு. உங்ககிட்ட ஆவணம்னா அந்தக் கையெழுத்து நோட்டுங்கதான், விருத்தமும் தருவும்னு கூத்துப் பாட்டெல்லாம் எழுதி வச்சது. பயிற்சி கொட்டகைல பண்ணுங்க, ஆனா உடுப்பு ஒருத்தர் வீட்டுல, கட்டை இன்னொருத்தர் வீட்டுல, நோட்டு மூணாவது வீட்டுல டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கட்டும். அதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா செல்போன்ல போட்டோ எடுத்து குழுல எல்லாருக்கும் அனுப்பிடுங்க. அரிதாரம் கலைக்கற எண்ணெய்யும் துணியும் கீத்துக்குக் கீழ வேணவே வேணாம்.

எரிஞ்ச லிஸ்ட்ல முகவீணைய, அதான் சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதற குழல, நீங்க எழுதல. அது தப்பிச்சுதா, இல்ல எழுத மறந்துட்டீங்களா? ஒரு கார்டு போடுங்க.