அந்தப் பெண் எங்கே நிற்கட்டும்?

கேள்வி: ஆடிப்பெருக்கு விழாவுக்கு ஒகேனக்கல்லில் ஃபுளோரைடு (நம் பக்கம் போர் தண்ணியில் அளவுக்கு மீறிக் கலந்திருக்கும் உப்பு) விழிப்புணர்வு ஸ்டால் போடுகிறோம். எட்டுப் பேர் இருக்கிறோம். போன வருஷம் கொடுத்த நோட்டீஸ் எல்லாம் மீன் வறுவல் மடிக்கத்தான் போனது. எங்களில் ஒருத்திக்கு அதனால் பல்லில் கறை உண்டு. அவளை முன்னால் நிறுத்தினால் சனங்கள் நம்புவார்கள் என்கிறார்கள் சிலர், கூடாது என்கிறார்கள் சிலர். என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, பென்னாகரம்

பதில்: அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் மற்றவர்கள் சொன்னது இருக்கிறது, அவள் சொன்னது இல்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் தங்கச்சி. எல்லார் முன்னாலும் கேட்டால் தலையாட்டிவிடுவாள்.

“ஒழுங்காப் பல்லு வெளக்க மாட்டியா?” என்று கேட்டுக் கேட்டு வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிய பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! சின்ன வயதில், ஈறுக்குள் பல் உருவாகும்போது குடித்த ஃபுளோரைடு தண்ணீர் போட்ட கறை அது, விளக்கினால் போகாது. இதை அவளே சொல்ல விரும்பினால் உங்கள் ஸ்டாலில் அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. விருப்பமில்லையா, வேறு வேலை கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். வருகிறவர்களிடமும் “பல்லைக் காட்டுங்க” என்று யாரும் கேட்கக் கூடாது.

நோட்டீஸ் விஷயம். ஆற்றில் குளித்து, ஈரத்துணியும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவள் அதை எங்கே வைப்பாள்? கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். அதற்குப் பதில், ‘தண்ணியைக் கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகுமா?’ என்று பெரிதாக எழுதி மாட்டுங்கள். “போகும்” என்று அடித்துச் சொல்ல நாலு பேர் வருவார்கள். போகாது. கொதிக்கையில் தண்ணீர்தான் ஆவியாகும். மிச்சத்தில் ஃபுளோரைடு இன்னும் கூடும். கிருமிக்குத்தான் கொதி வைத்தியம்.

அடுத்து “அப்ப என்ன பண்றது?” என்பார்கள். இதற்குப் பதில் தெரியாதவர் ஸ்டாலில் நிற்கவே வேண்டாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணி, உலை வைக்கப் போர் தண்ணி என்று இருக்கும் வீடுகள் உண்டு. சமையலுக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணிதான் என்று சொல்லுங்கள். போர் தண்ணியைச் சோதிக்க நினைப்பவர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்கலாம்; கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் பாதிக்கும்தான், ஆனாலும் முழங்கால் வலி என்று வரும் பாட்டியிடம் “ஃபுளோரைடுதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஆள் போடுவது எளிது. ஒரு நேரத்தில் மூன்று பேர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம். ஒருவராவது மேஜைக்கு வெளியே நிற்கட்டும், போன் பையில் இருக்கட்டும். நான் ஒரு ஸ்டாலில் நாள் முழுக்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வந்த ஒரே ஆள் கழிவறை எங்கே என்று கேட்டார். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.