டார்வினுக்குப் போகும் முன் ஒரு வாத்தியம்

கேள்வி: ஜூலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்குள்ள பழங்குடி மக்களின் டிட்ஜரிடூ என்ற ஊதுகுழல் பற்றித் தெரிந்துகொண்டு போக ஆசை. பெண்கள் தொடவே கூடாது என்கிறார்களே, உண்மையா? ஒன்று வாங்கி வரலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். டிட்ஜரிடூ என்பது அந்த ஓசையைக் கேட்டு வெளியார் வைத்த பெயர் என்றுதான் சொல்கிறார்கள். டார்வினுக்குக் கிழக்கே இருக்கும் ஆர்ன்ஹெம் லேண்ட் என்ற பழங்குடியினர் நிலப்பகுதியின் வடகிழக்கு மூலையில் யோல்ங்கு மக்கள் இதை யிடாக்கி என்பார்கள். மேற்குப் பக்கம் போனால் மாகோ. ஆஸ்திரேலியாவின் எந்த நகரத்துக் கடையிலும் இது கிடைக்கும். ஆனால் வாத்தியம் வடக்குக்காரர்களுடையது.

இதில் பாதி வேலையைக் கரையான் செய்துவிடுகிறது. யூகலிப்டஸ் மரம் நிற்கும்போதே உள்ளே அரித்துக் குழலாக்கிவிடும். செய்பவர் காட்டில் மரம் மரமாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் வெட்டுவார். அப்புறம் பட்டையை உரித்துச் செதுக்கி, வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகை உருட்டி ஒட்டுவார். கொடுக்கில்லாத தேனீயின் மெழுகு அது, நம் ஊர்க் கொசுத்தேனீ மாதிரி.

விரல் துளை எதுவும் கிடையாது. உதட்டை அதிரவிட்டு ஊத, ஒரே அடிநாதம் ஓடிக்கொண்டே இருக்கும். நாக்கும் கன்னமும் தொண்டையும்தான் அதைத் தாளமாக்குகின்றன. மகுடி ஊதுகிறவர் நடுவில் நிறுத்தாமல் ஊதுவாரே, அதே மூச்சு. வீட்டிலேயே பழகலாம்: வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கன்னத்தால் அழுத்தி மெல்லிய தாரையாகத் துப்பியபடியே மூக்கால் மூச்சை இழுங்கள். முதல் சில நாள் புரையேறும்!

பெண்கள் விஷயத்துக்கு ஒரே பதில் கிடையாது. சடங்கில் ஊதுவது ஆண்களே. சில சமூகங்களில் பெண்கள் தொடுவதையே விரும்ப மாட்டார்கள். யோல்ங்கு குடும்பங்களிலோ யிடாக்கி செய்யும் வேலையில் பெண்களும் கை கொடுக்கிறார்கள். அதனால் யாருடைய வாத்தியம் முன்னால் இருக்கிறதோ, அவர்களிடமே "தொடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். கேட்பதில் குறைவே இல்லை. அங்கே யிடாக்கி தனியாக ஒலிப்பதைவிட, மனிகாய் என்ற பாட்டோடும் பில்மா என்ற தாளக்கட்டையோடும் சேர்ந்து ஒலிப்பதுதான் வழக்கம். அப்படி ஒரு முறையாவது கேளுங்கள்.

வாங்குவதில் மட்டும் அவசரம் வேண்டாம். இந்தோனேசியாவில் செய்த டிட்ஜரிடூக்களையும் பூமராங்குகளையும் பழங்குடியினர் செய்தவை போலக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு, 2019-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. செய்தவர் பெயர், ஊர், மரம் மூன்றையும் கேளுங்கள். பதில் வராத கடையில் வாங்காதீர்கள். ஆர்ன்ஹெம் லேண்டில் யிர்க்கலா என்ற ஊரில் யோல்ங்கு மக்களே நடத்தும் புக்கு-லார்ங்காய் முல்கா கலை மையம் இருக்கிறது. அங்கே கொடுக்கும் பணம் செய்தவர் கைக்குப் போகும். ஆனால் ஆர்ன்ஹெம் லேண்டுக்குள் போக முன்அனுமதி வேண்டும். மகனிடம் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.