ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளும் என்கிறார் ஏஜென்ட்: நம்பலாமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன், வயது 66. பங்காளிகள் சேர்ந்து பழைய வீட்டை விற்றதில் எங்கள் பங்காக 18 லட்சம் வந்திருக்கிறது. மொத்தத்தையும் ஒரு சிறு நிதி வங்கியில் போடச் சொல்கிறார் ஏஜென்ட். 8 சதவீதம் வட்டியாம். "ரிசர்வ் வங்கி கண்காணிக்கிற வங்கி, பயமே வேண்டாம்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மகனோ, அங்கே வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு வங்கிகளே பணம் கட்டுகின்றன என்கிறான். இங்கேயும் அப்படித்தானா? அப்படியானால் அவர்கள் யார் பக்கம் நிற்பார்கள்?

பதில்: ஆச்சி, மகன் சொல்வது சரிதான். 1863-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அலுவலகம், தேசிய வங்கிகளிடம் வாங்கும் கட்டணத்தில்தான் நடக்கிறது. நம் ரிசர்வ் வங்கியின் கதை வேறு. அதனிடம் அரசுக் கடன் பத்திரங்களும் வெளிநாட்டுச் சொத்துகளும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் வரும் வட்டிதான் அதன் முக்கிய வருமானம். ஊழியர் சம்பளம், நோட்டு அச்சடிக்கும் செலவு எல்லாம் போக, ஆபத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மீதியை மத்திய அரசுக்குக் கொடுத்துவிடுகிறது. 2024-25 கணக்கில் அப்படிக் கொடுத்தது சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாய். ஆகவே சோதனைக்கு வரும் அதிகாரி, வங்கிகள் கட்டும் கட்டணத்தை நம்பி இல்லை. ஆனால் கவர்னரையும் துணை கவர்னர்களையும் நியமிப்பது மத்திய அரசு என்பதையும் மறக்கக்கூடாது.

எனக்குக் கவலை தருவது ஏஜென்ட் சொன்ன அந்த வாக்கியம்தான். கண்காணிப்பது வேறு, பணத்துக்கு ஜாமீன் நிற்பது வேறு. நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்க, கடை வைத்திருந்த காலத்தில், கடையை நடத்த மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜென்ட் திரும்பி வந்து முதலாளியிடம் ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் கணக்கு, ஒப்புவிப்பார். அங்கே கொடுத்த கடன் வராக்கடனாகிப் போயிருந்தால், ஐந்தொகையைப் பார்த்ததால் பணம் திரும்பிவிடுமா? ரிசர்வ் வங்கி அதிகாரிகளும் மூலதனம், வராக்கடன், கடன் கொடுத்த விதம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு பேரேட்டையும் புரட்ட எந்த நாட்டிலும் ஆள் போதாது.

கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2019-லேயே ரிசர்வ் வங்கி அதைக் கட்டுப்பாட்டு வளையத்தில் வைத்தது. அப்படியும் 2020 நவம்பர் 17-ல், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்ததால் டெபாசிட் போட்டவர்களுக்கு நஷ்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. அந்தப் பத்து நாளில் கையில் பணம் தேவைப்பட்ட குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்!

வங்கி முழுகினால் உங்களுக்கு நிச்சயமாகக் கைகொடுப்பது டெபாசிட் காப்பீடு. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை. பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 4 லட்சத்தை 8 சதவீதத்தில், காலாண்டுக் கூட்டு வட்டியோடு, மூன்று வருஷம் விட்டு வைத்தால் 5.07 லட்சமாகி வரம்பைத் தாண்டிவிடும்.

அதனால் அந்த வங்கியில் 4 லட்சம் மட்டும் போடுங்கள், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வருகிற மாதிரி. 10 லட்சத்தைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வையுங்கள். அது மத்திய அரசின் திட்டம், 30 லட்சம் வரை போடலாம். மீதி 4 லட்சம், அவசரத்துக்கு, நீங்கள் வழக்கமாகப் போய்வரும் அரசு வங்கியில் இருக்கட்டும்.

அப்புறம், ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். வங்கியின் பெயருக்குக் காசோலை எழுதுங்கள், ரசீதைக் கிளைக்கே போய் வாங்குங்கள். அவர் சொல்லும் நிறுவனத்தின் பெயரில் 'வங்கி' என்ற சொல்லே இல்லாமல் வெறும் 'நிதி' என்று மட்டும் இருந்தால் இந்தக் காப்பீடு கிடையாது. அதில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.