உதட்டுப் பிளவு, உதட்டுக் கட்டி, ஆறாத புண்: கேள்வி பதில்

பேராதனையில் படித்துவிட்டு மலையகத்து அரச வைத்தியசாலைகளில் வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். படம் அனுப்பியவர்கள் மன்னிக்க வேண்டும். புண்ணைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் பெயர் சொல்வதில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: பிள்ளைக்கு 20 நாள். மேலுதடு இடப்பக்கம் மூக்குவரை பிளந்திருக்கிறது. அண்ணத்தில் பிளவு இல்லை என்றார்கள். இப்போதே தைக்க முடியாதா? கிரகண நாளில் நான் காய் வெட்டியதால்தான் இப்படி என்கிறார் மாமி.

முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம், தங்கச்சி. கருவில் உதடு சேர்வது ஏறக்குறைய 4ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரத்துக்குள். பலருக்கு அப்போது குளிக்காமல் இருப்பதே சந்தேகமாகத்தான் இருக்கும். நீங்கள் அரிவாள்மனையைத் தொட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பரம்பரை, சில வலிப்பு மாத்திரைகள், புகைத்தல் என்று பல சேர்ந்து வருவது இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. மாமியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

தைப்பதற்கு வழக்கமான காலம் 3 முதல் 6 மாதம். 10 வாரம், 10 இறாத்தல் (சுமார் 4.5 கிலோ), இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மயக்க மருந்தைப் பிள்ளை தாங்க வேண்டுமே, அதற்காக. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேதி தள்ளிப்போவது பெரும்பாலும் எடையால்தான். அதனால் உங்கள் வேலை இப்போது பால் கொடுப்பது. உதடு மட்டும் பிளந்த பிள்ளை தாய்ப்பால் குடிக்கும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, மார்பே அந்த இடைவெளியை அடைக்கும்படி அணைத்துக் கொடுங்கள். வாரா வாரம் எடை பார்த்துப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தோலை இழுத்து ஒட்டுவதுதான் ஒப்பரேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. பிளந்த உதட்டில் அது சுற்றி வராமல், இரண்டு பக்கமும் மேலே திரும்பி மூக்கடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து, கீழே கொண்டுவந்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். இதைச் செய்யாமல் தோலை மட்டும் மூடினால் பிள்ளை சிரிக்கும்போது உதடு இரண்டு பக்கமும் புடைக்கும். இன்று பரவலாகச் செய்யும் முறை அமெரிக்க அறுவை நிபுணர் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தைக் கீழ்நோக்கிச் சுழற்றி, மறுபக்கத்தை முன்னே நகர்த்தி, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள இயற்கையான பள்ளத்தைக் காப்பாற்றுவார்கள். தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்து நிற்கும். பயந்துவிடாதீர்கள், ஒரு வருடத்துக்குள் வெளுத்து மெலியும்.

லிந்துலையிலிருந்து ஒரு அப்பா: எங்கள் பிள்ளைக்கு உதட்டோடு அண்ணமும் பிளந்திருக்கிறது. குடிக்கிற பால் மூக்கால் வருகிறது. ஒரே தடவையில் எல்லாம் முடியுமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

ஒரே தடவையில் முடியாது. அண்ணம் பிளந்த பிள்ளையால் உறிஞ்ச முடியாது. அழுத்தினால் பால் வரும் போத்தலோ, கோப்பையும் கரண்டியுமோ வேண்டும். கிளினிக்கில் தாதியிடம் ஒரு தடவை கையோடு பழகிக்கொள்ளுங்கள். உதடு தைத்த பிறகு, 9 முதல் 18 மாதத்துக்குள், பேச்சு படியும் முன் அண்ணத்தை மூடுவார்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தேங்குவது சகஜம் என்பதால் காதும் பார்க்க வேண்டும். முரசும் (பல் ஈறு) பிளந்திருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் அங்கே எலும்பு வைக்க வேண்டி வரலாம். உதடு அழகாகச் சேர்ந்ததும் பல வீடுகளில் கிளினிக் கார்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் பேச்சு மூக்கால் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்த பிறகு திரும்பி வருவார்கள். அந்த வயதில் திருத்துவது இரட்டை வேலை.

பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு வரும் சாத்தியம் நூற்றுக்கு நான்கு அளவில்தான். அடுத்த பிள்ளைக்கு எண்ணம் வந்ததுமே, கரு தங்கும் முன்பே, ஃபோலிக் அமில மாத்திரையைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்குங்கள்.

பண்டாரவளை, 19 வயது: சின்ன வயதில் தைத்தது. உதட்டில் ஒரு மேடு, மூக்கு ஒரு பக்கம் சப்பை. இனித் திருத்த முடியுமா?

முடியும். முகம் வளர்ந்து முடிந்த இந்த வயதுதான் மூக்குக்குச் சரியான காலம். பழைய கார்டு இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 61. கொழுந்து எடுத்தவர், வெற்றிலை புகையிலையோடு போடுவார். கீழுதட்டின் உட்பக்கம் புண் வந்து இரண்டு மாதம். வலியே இல்லை. ஊதா மருந்து பூசுகிறோம். இப்போதும் கைக்காசுக்கு மலைக்குப் போவதால், பேர் (அன்றைய நாள் சம்பளம்) போய்விடும் என்று வர மறுக்கிறார்.

வலியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பல் கடித்தோ சூடு பட்டோ வரும் புண் வலிக்கும், இரண்டு வாரத்துக்குள் ஆறும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியது. புண்ணின் ஓரம் தடித்துச் சுருண்டிருக்கிறதா, விரலால் பிடித்தால் அடி கட்டியாக இருக்கிறதா, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். புகையிலை இல்லாமல் பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரக்கூடியது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். மலையில் பெண்களும் மழைக்கும் குளிருக்கும் வெற்றிலையை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டே நிற்கிறார்கள். வெற்றிலை போடாதவர்களுக்கு உதட்டின் வெளிப்புறத்தில் வருவது வேறு கதை. அது வெயிலால், பெரும்பாலும் கீழுதட்டில் வரும்.

ஊதா மருந்தை இன்றே நிறுத்துங்கள். புண்ணின் நிறத்தை மறைப்பதைத் தவிர அது எதுவும் செய்யாது. பேர் விஷயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, ஒரு நாள் சம்பளம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் உதட்டுப் பிளவைத் தைக்க மாதம் தள்ளலாம், இந்தப் புண்ணுக்கு ஒரு வாரமும் தள்ளக்கூடாது. டிக்கோயா, நுவரெலியா, பதுளை, எது கிட்டவோ அங்கே பல் கிளினிக்கில் காட்டினால் கடிதம் கொடுத்து மேலே அனுப்புவார்கள்.

அதே கேள்வியின் கீழ் மூன்று பேர்: சதை வெட்டிப் பரிசோதித்தால் புற்றுநோய் பரவும் என்கிறார்களே?

பரவாது. விறைப்பு ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு எடுப்போம், ஒன்றிரண்டு தையல். இந்தப் பேச்சு எப்படி வந்தது என்றால், முற்றிய பிறகு வந்து, பரிசோதனை முடிந்த கையோடு இறந்தவர்களைப் பார்த்து வந்தது.

கொட்டகலை: உதட்டை வெட்டி எடுத்தால் அப்புறம் எப்படிச் சாப்பிடுவது?

மூன்றில் ஒரு பங்கு வரை போனால் ஆப்பு வடிவில் வெட்டி இரண்டு ஓரத்தையும் நேராகச் சேர்த்துவிடலாம். வாய் கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மற்ற உதட்டிலிருந்து கடன் வாங்க வேண்டும். மேலுதட்டில் ஒரு முக்கோணத் துண்டை, இரத்தக் குழாய் ஓடும் ஒரு காம்பை மட்டும் விட்டு வெட்டி, அப்படியே திருப்பிக் கீழுதட்டு இடைவெளியில் தைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு இரண்டு உதடும் நடுவில் ஒட்டியே இருக்கும். வாயின் ஓரத்தால் கஞ்சி, சூப், பால். துண்டு புது இடத்தில் இரத்தம் பிடித்ததும் காம்பை வெட்டிப் பிரிப்பார்கள். நியூயோர்க்கில் ரொபர்ட் அபே 1898இல் இதை எழுதியது இரட்டைப் பிளவு தைத்துச் சிறுத்துப்போன மேலுதட்டுக்காக. இன்று அதையே திருப்பிப் போட்டுப் புற்றுநோய்க்காரர்களுக்கும் செய்கிறோம். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டுமா என்பது நோயின் அளவைப் பொறுத்தது.

கினிகத்தேனை, ஏ.எல். மாணவி: கீழுதட்டுக்குள் நீலமாக ஒரு கொப்புளம். உடையும், திரும்ப வரும்.

உதட்டைக் கடிக்கும் பழக்கம் இருக்கிறதா? உதட்டுக்குள் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. கடிபட்டு ஒன்றின் குழாய் அறுந்தால் நீர் உள்ளேயே தேங்கும். ஊசியால் குத்தாதே. சுரப்பியோடு சேர்த்து எடுத்தால்தான் நிற்கும். விறைப்பு ஊசி போட்டு எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு விடுவார்கள்.

நானுஓயா: அப்பாவின் உதடு திடீர் திடீரென்று வீங்கி, ஒரு நாளில் வற்றிவிடுகிறது. குளவியும் கொட்டவில்லை. வெட்டிப் பார்க்க வேண்டுமா?

கத்திக்கு இங்கே வேலை இல்லை. அப்பா பிரஷருக்கு எனலாப்ரில் போடுகிறாரா என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும் அது இப்படி வீக்கம் தரும். போடுகிறார் என்றால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றே டொக்டரிடம் காட்டி மாத்திரையை மாற்றுங்கள். நாக்கு வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் வண்டி பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

நுவரெலியா: கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்து எரிகிறது.

குளிர்காற்று மட்டும் அல்ல. இரும்புச்சத்து, பி விற்றமின் குறைவு, பூஞ்சணம், தளர்ந்துபோன செயற்கைப் பல் எல்லாம் காரணமாகலாம். இரத்தம் சோதியுங்கள். நாக்கால் நக்கினால் இன்னும் வெடிக்கும், வாசலின் பூசுங்கள்.

பதுளை: பக்கத்து லயத்து நாய் மகனின் உதட்டைக் கடித்துக் கிழித்துவிட்டது. ஊரில் கோப்பித்தூள் வைத்தார்கள். தையல் போட்டாயிற்று, ஆனால் உதட்டுக் கோடு படிபோல நிற்கிறது.

கோப்பித்தூளைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் போகும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். முகத்துக் கடிக்கு விசர்நாய்த் தடுப்பூசியோடு காயத்துக்குள்ளேயே போடும் ஊசியும் வேண்டும், தையல் அதற்குப் பிறகுதான். பிய்ந்த துண்டு கிடைத்தால் ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். துண்டில் பனிக்கட்டி நேரே படக்கூடாது.

உங்கள் மகனுக்கு: உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கும் கோட்டில்தான் முதல் தையல் விழ வேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் எதிரில் நிற்பவருக்குத் தெரியும். இப்போது அவசரப்பட்டுத் திரும்ப வெட்ட வேண்டாம். தழும்பு இளக 6 மாதம் முதல் ஒரு வருடம் விட்டு, அப்புறம் அந்தக் கோட்டைத் திருத்தலாம். மீதித் தடுப்பூசித் தேதிகளை மட்டும் ஒன்றுகூடத் தவறவிடாதீர்கள்.